நேத்து இன்னா படிச்சீங்க?

அன்புள்ள துர்காவுக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? மஸ்கட்டில் நான் நலம்.

இரண்டு முறை பாதியில் விட்ட ஏசி மெக்கானிக் படிப்பு, இந்த முறை ஆன்லைனிலேயே மண்டையில் ஏறுகிறது. எப்படி என்று எனக்கே ஆச்சரியம். முன்பு வீடியோ பார்த்தபடியே தூங்கிவிடுவேன். இந்த டீச்சரோ, வகுப்பில் உள்ள எட்டுப் பேரும் நோட்டைப் பார்க்காமல் நேற்றைய பாடத்தைச் சொன்ன பிறகுதான் புதியதைத் தொடங்குகிறார். தறியில் முடியப்போகும் பாவின் நுனியில் புதுப் பாவின் நூலை இழை இழையாக நீ பிணைப்பாயே, அதேதான். திங்கட்கிழமை ஏசிக்குள் கேஸ் போகும் திசையைத் தலைகீழாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இனி அது மறக்காது!

வெள்ளி, சனி வகுப்பில்லை. அந்த நாட்களில் நீ போன் போட்டு, "நேத்து இன்னா படிச்சீங்க?" என்று கேள். புரியாவிட்டாலும் கேள். சனிக்கிழமை என்றால் வியாழன் பாடத்தையே திரும்பச் சொல்கிறேன். அந்த இரண்டு நாளும் இங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

தினகரன்