வாசனையே இல்லாத மசியல்

ஆம்பூர்

அன்பு மகள் அலீனாவுக்கு அம்மி எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், உன் சுகத்தைத்தான் இந்தத் தடவை பேருக்குக் கேட்டுவிட்டுப் போக முடியவில்லை, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போனில் கேட்டால் நல்லா இருக்கேன் அம்மி என்று வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் உன்கூட வேலை செய்யும் சுஹேல் அகமது லீவு முடிந்து இத்தாலிக்குத் திரும்பும்போது அவனிடம் கடிதமாகவே கொடுத்தனுப்புகிறேன்.

அவன் கையில் நீ கொடுத்துவிட்ட உருளைக்கிழங்கு மசியல் பாக்கெட்டெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. தோள்வலி, வதக்கவும் அரைக்கவும் முடியவில்லை என்று நான் புலம்பியதற்குத் தேடிப்பிடித்து வாங்கியிருக்கிறாய், சந்தோஷம். நேற்று பருப்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அதைத்தான் செய்தேன், செய்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, வெந்நீரை ஊற்றிக் கிண்டினால் முடிந்தது வேலை. நீ போனில் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அதுல வாசனையும் இல்ல ஒண்ணும் இல்ல அம்மி, மாவு மாதிரி இருக்கும், எதோட வேணாலும் சாப்பிடலாம், நான் தெனம் அதான் சாப்பிடறேன் என்றாய். அலீனா, பாக்கெட்டைக் கத்தரித்ததுமே பூண்டு வாசனை மூக்கில் ஏறியது. வெந்நீர் பட்டதும் வெண்ணெயும் பூண்டும் சேர்ந்து வீடே மணத்தது. பக்கத்து வீட்டு தில்ஷாத் ஜன்னல் வழியாகவே இன்னாக்கா, இவ்ளோ பூண்டு போட்டுத் தாளிக்கிறீங்க, யாருக்கு விருந்து என்று கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே அப்பாவுக்குப் பரிமாறினேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, இன்னா ஜஹீரு, வாசனையும் இல்ல ஒண்ணும் இல்ல, மாவு மாதிரி இருக்கு என்றார். நீ சொன்ன அதே வார்த்தை. கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்கு மூக்கில் வாசனை தெரியாமல் போனது ரொம்ப நாள் அவருக்கே தெரியாதே, டேனரியில் தோலுக்குச் சாயமும் மருந்தும் ஸ்ப்ரே அடித்து அடித்து வந்தது, ஜலதோஷம் ஜலதோஷம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கேஸ் கசிந்துகொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்தாரே, நீதானே ஸ்கூலிலிருந்து வந்து வாசலிலேயே அலறி, ஓடிப்போய் மூடினாய். இப்போது உனக்கும் அதே கதியா? நீ லேபில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றுதானே எங்களிடம் சொன்னாய்? சுஹேலைக் கிண்டிக் கிண்டிக் கேட்டேன், அலீனா ஸ்ப்ரே பண்ற எடத்துலதான் நாள் பூரா நிக்குது ஆன்ட்டி என்று சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே. அங்கே குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு தனியாகத் தூங்குகிறாய், கேஸ் கசிந்தால் உனக்கு யார் ஓடிவந்து மூடுவார்கள்? அப்பாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை, உன்னை லெதர் படிக்க வைத்தவரே அவர்தானே, கேட்டால் இடிந்துபோவார். வெறும் ஜலதோஷம்தான், அம்மிக்குப் பைத்தியம் என்று நீ சிரித்தாலும் சரி, சிரி, அப்படியே இருக்கட்டும் என்றுதான் துஆ செய்கிறேன். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் இருக்காதே, மாஸ்க் இல்லாமல் அந்த இடத்தில் கால் வைக்காதே, பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனைப் பார்க்காதே.

அல்லாஹ் உன்னை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றி, நல்லபடியாக என் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவானாக. இன்னொன்று மகளே. தனக்கு மணக்கவில்லை என்று அப்பா ஜும்மாவுக்குப் போகும்போது பாட்டிலையே கவிழ்த்துக்கொள்வாரே அந்த அத்தர், நீ மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவாயே, அதைத்தான் இந்தக் காகிதம் முழுக்கத் தடவியிருக்கிறேன். எழுதும் எனக்கே கண் எரிகிறது. உறையைப் பிரித்ததுமே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வரியைப் படித்த பிறகுதான் காகிதத்தை முகர்ந்து பார்க்கிறாய் என்றால், முதலில் போய் அடுப்பைப் பார், ஜன்னலைத் திற, பிறகு எனக்குப் போன் பண்ணு.

உன் போனுக்காகவே உட்கார்ந்திருக்கும்
அம்மி
ஜஹீருன்னிசா