இடப்பக்கம் சாயும் ஸ்டூல்

மேற்கு யூட்லாந்து, டென்மார்க்
மே 12

அன்புள்ள ப்ரீபென்,

நான் நலம். நாய் நலம். உன் தக்காளிச் செடிகள் மட்டும் என் கையில் படாத பாடு படுகின்றன. உன் கப்பல் கிரீன்லாந்துத் துறைமுகத்துக்கு வந்து சேரும்போது இந்தக் கடிதம் அங்கே காத்திருக்கும். ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் பாதியிலேயே "யூட்டே, கொஞ்சம் நிதானமா" என்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

"இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஓய்வு. கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரு" என்று போன வாரம் செய்தி அனுப்பியிருந்தாய். நான் போடவில்லை. ஏன் என்று முழுதாகக் கேள், பிறகு கோபப்படு.

வம்பு ஆரம்பித்தது எங்கள் பள்ளியின் போன ஆண்டுக் கண்காட்சியில். என் மாணவி ஆல்பெர்டே செய்த நாற்காலியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். பக்கத்தில் அதே வகுப்பு மால்தேயின் ஸ்டூல் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அப்பா கெல், தலைமையாசிரியர் ஹென்னிங்கிடம் போய், தன் மகன் மனம் நொந்துவிட்டதாகப் புகார் சொன்னார். நம் ஊரில் யாரும் யாரையும் விட உயர்ந்து தெரிந்துவிடக் கூடாதே! அதற்கு ஹென்னிங் கண்டுபிடித்த மருந்துதான் ஒரு பெட்டி. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி. உள்ளே அறுத்துத் துளை போட்ட பலகைகள், எட்டு ஸ்க்ரூ, ஒரு படம். படத்தைப் பார்த்துத் திருகினால் இருபத்திரண்டு ஸ்டூலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். "இனிமே யாருக்கும் வருத்தம் இருக்காது, யூட்டே" என்றார். நான் நடத்தும் பாடத்தின் பெயரில் கைவினையும் இருக்கிறது, வடிவமைப்பும் இருக்கிறது. அந்தப் பெட்டியில் இரண்டும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டியைப் பயன்படுத்தச் சொன்னார், பயன்படுத்தினேன். படங்களை மட்டும் எடுத்து என் மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். பலகைகளைக் கொட்டி, "இது வெறும் மரம். உங்க வீட்டுல யார் இதுல உட்காரப் போறாங்கன்னு முதல்ல யோசிங்க. அப்புறம் ரம்பத்தைத் தொடுங்க" என்றேன். முதல் நாள் பாதிப் பேர் அசையவே இல்லை. ஒருத்தி, "சரியான விடை எது?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். மூன்றாம் வாரம் ரம்பச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மால்தே மூன்று முறை ஸ்டூல் காலை அறுத்து, மூன்று முறையும் தப்பாக அறுத்தான். வாங்கிச் செய்து கொடுக்க எனக்குக் கை துறுதுறுத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன்.

அது ஹென்னிங் காதுக்குப் போய்த்தான், நீ கையெழுத்துப் போடச் சொன்ன அந்தத் தாள் வந்தது. இனி படத்தில் உள்ளபடியே செய்ய வைப்பேன் என்று நான் உறுதி தர வேண்டும். இல்லாவிட்டால் கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளியின் மரப்பட்டறை வேறொருவருக்கு.

வியாழக்கிழமை இந்த ஆண்டுக் கண்காட்சி. காபி, கேக், மேசைதோறும் மெழுகுவத்தி, எல்லாம் வழக்கம்போல. நாற்காலி மட்டும் இல்லை. கூடத்தில் இருந்தவற்றையெல்லாம் காலையிலேயே உடற்பயிற்சி அறைக்குள் அடுக்கிவிட்டேன். ஹென்னிங் வந்து, "நாற்காலியெல்லாம் எங்க?" என்றார். "உங்க கண்ணு முன்னாடிதான் இருபத்திரண்டு இருக்கே" என்றேன்.

கெல் நின்றுகொண்டே காபி குடிக்கப் பார்த்தார். மால்தே விடவில்லை. "உட்காருப்பா. இடது பக்கம் மட்டும் சாயாதே, அங்கதான் தப்பா அறுத்துட்டேன்" என்றான், கொஞ்சமும் வெட்கப்படாமல். மனிதர் வலப்பக்கம் சாய்ந்தபடியே இரண்டு கோப்பை குடித்தார். பிறகு எழுந்து ஸ்டூலைக் கவிழ்த்து, அறுத்த இடத்தை விரலால் தடவினார். "மூணு தடவையா அறுத்தே?" என்றார். "நாலு. ஒண்ணு யூட்டேவுக்குத் தெரியாது" என்றான் அந்தப் பயல். கெல் அதைத் தானே தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்.

ஹென்னிங் மனம் மாறிவிட்டார் என்று நினைக்காதே. மறுநாள் காலையிலேயே தாளைக் கேட்டார். கொடுத்தேன். கையெழுத்துக்கான இடத்தில், "எல்லார் கையிலும் ரம்பம் கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த சமத்துவம்" என்று எழுதியிருந்தேன். படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முடிவு ஜூனில் தெரியுமாம். பட்டறை போனால் அழுவேன். அழுதுகொண்டே பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை கேட்பேன். பயமாகத்தான் இருக்கிறது, ப்ரீபென். ஆனாலும் அந்தப் படங்களைப் பூட்டிய சாவியை நான் கொடுக்க மாட்டேன்.

திட்டுவதென்றால் திட்டு. அதற்கு முன் நம் சமையலறையை ஒரு நிமிடம் நினைத்துப் பார். பயிற்சிக் கல்லூரியில் நான் முதன்முதலில் செய்த ஸ்டூல் அங்கே இருக்கிறது. ஒரு கால் குட்டை. முப்பத்தொரு வருஷமாக அந்தக் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்து, அதில் உட்கார்ந்துதான் நீ சாப்பிடுகிறாய். கடையில் வேறு வாங்கலாம் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை.

நேற்றுப் பார்த்தேன், அட்டை நைந்துபோயிருக்கிறது. நான் மாற்றவில்லை, அது உன் வேலை. பத்திரமாக வந்து சேர். வந்து புது அட்டை வை.

இப்போதும் உன்,
யூட்டே