நான் கொடுக்காமல் விட்ட நோட்டீஸ்

அக்கா,

சூடுபட்ட பிளாஸ்டிக்கும் காய்ந்த மங்குஸ்தான் தோலும் கலந்த ஒரு வாசனை சில வாரங்களாக என் மேசையில் இருக்கிறது. உங்கள் மகள் கொண்டுவந்து வைத்த பையின் வாசனை. குற்றாலத்தில் சீசனுக்குப் பழம் விற்கப் போகும்போது நீங்கள் தோளில் மாட்டியிருந்த அதே பைதான். வீட்டைக் காலி செய்யச் சொல்லி அரசாங்கம் உங்களுக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நோட்டீஸ்கள் அதற்குள் லாமினேஷன் செய்யப்பட்டு வரிசையாக இருக்கின்றன. கல்யாணப் போட்டோவைக்கூட இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் வீட்டை நான் பார்த்ததில்லை.

அவற்றை உங்கள் கையில் கொடுத்தவன் நான். தென்காசியில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது உங்கள் தெருவுக்கு என் பதிவேட்டில் பெயர் கிடையாது. பாறைப் புறம்போக்கு, எதுவும் விளையாத நிலம், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு தெரு நிறைய வீடுகளும் ஒரு தண்ணீர்க் குழாயும் விளைந்திருந்தன. பதிவேடு அதைக் கண்டுகொள்ளவில்லை.

மற்ற இடங்களில் என் தலையைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள். முதல் நாள் நீங்கள் நாற்காலி எடுத்துப் போட்டீர்கள். நோட்டீஸை இரண்டு முறை படித்தீர்கள்.

“இனிஷியல் தப்பா இருக்கு சார். திருத்திக் குடுத்துட்டுப் போங்க.”

காலி செய்யச் சொல்ல வந்தவன் உட்கார்ந்து இனிஷியலைத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். இன்ன வருடம் இன்னார் இன்ன இடத்தில் குடியிருந்தார் என்று அரசாங்கமே கையெழுத்திட்டுத் தருகிற காகிதம் உங்களைப் போன்றவர்களுக்கு அது ஒன்றுதான். வருடா வருடம் அதை எழுதிய எனக்கு இது உறைத்ததில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது.

தெருவுக்கு நீங்கள் வைத்திருந்த அளவுகோல் இன்னும் கண்ணில் நிற்கிறது. யாராவது புதிதாகச் சுவரோ படியோ கட்டினால் ஒரு கயிற்றுக் கட்டிலை நான்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்க வேண்டும். எங்கும் முட்டக் கூடாது. ஒருநாள் டீ மாஸ்டர் ஒருவர் கட்டிய புதுப் படியில் தூக்கியவரின் முழங்கால் இடித்தது.

“எக்கா, ஒரு சாண்தான. விட்டிருங்க.”

“ஏலே, செத்தா நீ ஒரு சாண் மெலிஞ்சா போவ? கட்டில் முட்டினா நாளைக்குப் பாடையும் முட்டும். அப்போ யாருகிட்டலே மனு குடுப்ப?”

தெருவே சிரித்தது. சாயங்காலத்துக்குள் அவரே படியை இடித்துவிட்டார். நோட்டீஸ் இல்லை, மேல்முறையீடு இல்லை. முத்திரை குத்திய வரைபடத்தோடு இருக்கும் எங்கள் காலனியில் எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று சாக்கடையில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஓர் அரசாங்கத்தை நேரில் பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை.

பிறகு நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். உங்கள் கணவர் தவறிய வருடம், துக்க வீட்டுக்கு எதற்கு என்று உங்கள் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். விஷயம் தெரிந்ததும் நீங்கள் என் வீட்டுக்கே வந்தீர்கள்.

“என்ன சார், இந்த வருசம் எனக்கு நோட்டீஸ் வரலியே?”

“வீட்ல துக்கம். அதான் விட்டுட்டேன்க்கா.”

“துக்கம் எனக்கு. நோட்டீஸ் வீட்டுக்குல்லா?”

கணக்கை மேலே அனுப்பிவிட்டேன், இனி சேர்க்க முடியாது என்றேன். “நீங்க நல்லவுகதான் சார். அதான் பயமா இருக்கு” என்றீர்கள். இறங்கும்போது என் வாசலைத் திரும்பிப் பார்த்தீர்கள். “உங்க படி ரோட்டுல நிக்கி. உங்களுக்கு யாரு நோட்டீஸ் குடுப்பா?”

சிரித்து மழுப்பினேன். மறு வருடத்திலிருந்து உங்களுக்குத்தான் முதல் நோட்டீஸ்.

போன மழைக்காலத்தில் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே நடந்தேன். எந்தச் சுவரும் எந்தப் படியும் உங்களைத் தொடவில்லை.

அதன்பிறகுதான் தெருவில் வருடம் விடாமல் குடியிருந்தவர்களுக்குப் பட்டா கொடுக்க முடிவானது. எல்லோருடைய காகிதமும் நகர்ந்தது. உங்கள் வீட்டுடையது மட்டும் நின்றது. ஒரு வருடம் நோட்டீஸ் இல்லை. ஆகவே அந்த வருடம் நீங்கள் அங்கே இல்லை. கோப்பில் அப்படிக் குறிப்பு எழுதியவரை நான் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன்.

மகள் பையை மேசையில் வைத்தாள். “அந்த ஒரு வருசத்துக் காகிதம் மட்டும் சார்கிட்ட இருக்குன்னு அம்மா சொல்லிருக்கா.”

என்னிடம் எந்தக் காகிதமும் கிடையாது. அன்றிரவு முழுக்க யோசித்தேன். நீங்கள் சொன்ன காகிதம் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும் என்று விளங்கியது. எழுதினேன்: மேற்படி ஆண்டில் மேற்படியார் மேற்படி இடத்திலேயே குடியிருந்தார், நோட்டீஸ் வழங்காதது முழுக்க என் கடமைத் தவறு.

தாலுகா ஆபீசில் இருந்த இளைஞர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பென்ஷன் வாங்குதிய சார். இது உங்களுக்கே வம்பால்லா வந்து முடியும்?”

“இருந்தாங்க தம்பி. என் வீட்டுக்கு வந்து சண்டை போட்டாங்க.”

அவர் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டு நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். அதை மகளிடம் சேர்த்தேன்.

நேற்று மகள் பட்டாவோடு வந்தாள். மேசையில் இருந்த பையைத் திறந்து, கொண்டுவந்த ஒரு தாளைச் செருகிக் காட்டினாள். இரண்டு நோட்டீஸ்களுக்கு நடுவே என் குற்ற ஒப்புதலும் லாமினேஷன் ஆகி, அதற்குரிய வருடத்தில் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருடங்களில் நான் எழுதியவற்றுள் ஒருவருக்கு வீடு கொடுத்தது அந்த ஒரு தாள்தான். பட்டாவை எடுத்துக்கொண்டு பையை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இன்று காலை கொத்தனாரை வரச் சொன்னேன். அவர் வாசலை இரண்டு தடவை பார்த்தார்.

“நல்ல கிரானைட் படி சார். இத எதுக்கு இடிக்கச் சொல்லுதிய?”

“கட்டில் போகணும்” என்றேன்.