அடியில் அளந்த சத்தம்

என் வீட்டு அதிகாரிக்கு வணக்கம். எனக்குத் தொப்பை கூடியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி குறைந்ததா?

நம் மகளுக்கு அறிவியல் பிரிவு சரிப்படாது என்கிறாயே, கேள். போனில் அவள் சொல்லிக்கொடுத்த சோதனையைச் செய்தேன். இங்கே பாலத்துக்குத் தூண் அடிக்கும் சுத்தியல் விழுவது முதலில் தெரியும், சத்தம் பிறகுதான் வரும். 1,130 அடி தள்ளி நின்று பத்து தடவை பார்த்தேன், இடைவெளி சராசரியாக ஒரு நொடி. சத்தத்தின் வேகம் 1,130 என்று வேலையிடத்துப் பலகையில் எழுதினேன்.

“புத்தகத்துல முந்நூத்தி நாப்பது சொச்சம்தான்யா. உன் சத்தம் மட்டும் மூணு மடங்கு ஓடுதோ?” என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள்.

இன்ஜினியரம்மா வந்து பார்த்தார். “இவர் அளந்தது அடி, புத்தகத்துல மீட்டர். ஒரு மீட்டர்னா மூணேகால் அடிக்குக் கொஞ்சம் கூட. வகுத்தா 344 வருது, சரிதான். அலகு எழுதாம விட்டதுதான் தப்பு. யார் சொல்லிக்கொடுத்தது?”

“என் பொண்ணும்மா, பத்தாவது. அலகு எழுதச் சொன்னா, நான்தான் மறந்துட்டேன்.”

மேஸ்திரியே சாக்கட்டியை எடுத்து 1,130 பக்கத்தில் ‘அடி, ஒரு நொடிக்கு’ என்று எழுதினார்.

அறிவியல் பிரிவுக்கே கையெழுத்துப் போடு, தாயே. அவள் எழுதி முடித்த பழைய கணக்கு நோட்டு ஒன்று அனுப்பு. வெற்றுப் பக்கம் வேண்டாம், அவள் கையெழுத்து நிறைய இருக்கட்டும். வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் அடங்காத வீட்டுக்காரன்