முன் சீட்டின் உயரம்

ஸ்ட்ரெதம்
2 மார்ச் 2025

அன்புள்ள மங்கைக்கு,

பல வாரம் யோசித்தபின், நம் இரட்டைச் சைக்கிளின் முன் சீட்டை மூன்று அங்குலம் தாழ்த்துவதென்று இன்று காலை தீர்மானித்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. இரண்டு தரம் அளந்தேன். உலகம் இப்போதிருக்கும் நிலையில் ஒரு மனிதன் தனியாக எடுக்கக்கூடிய முடிவுகள் குறைவு. கிடைப்பதை ஆறுதலாக எடுக்க வேண்டும்.

அந்தச் சீட்டில் இத்தனை வருடமும் நான்தான் இருந்தேன். இனி நீர் இருப்பீர். ஹான்டில், பிரேக், கியர் எல்லாம் உம்முடைய பொறுப்பு. நான் பின்னால்.

தை மாதம் பெட்டியோடு லூயிஷாமுக்கு, அருமைநாயகி அக்கா வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று நீர் சொன்னது நினைவிருக்கிறது. “பிரான்ஸில எல்லாக் கோட்டையும் எனக்குக் காட்டினதெண்டு சொல்லுறியள். நான் பாத்தது உங்கட முதுகை.” நியாயமான முறைப்பாடு. அதற்குப் பரிகாரம் சீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. நான் வேலை செய்யும் கவுன்சிலில் ஒரு வேகத்தடை போட எங்கள் வீதிப் பகுதி எடுக்கும் காலத்தோடு பார்த்தால் இது விரைவு.

செப்டெம்பருக்குப் பாதையும் போட்டுவிட்டேன். வழக்கம்போல பிரான்ஸின் வோஷ் மலைக்காடுதான், ஆனால் இம்முறை பெருவீதியை எங்கும் தொடவில்லை. ஊசியிலை மரங்களுக்குள்ளால் போகும் ஒடுங்கிய தார் வீதிகள். காலையில் மர லொறி ஒன்று வரலாம், பிறகு ஒருவரும் இல்லை. நாளுக்கு ஒரு கோட்டையாவது வருகிறது. பெரும் செலவில் கட்டி, அயலவரோடு சண்டை பிடித்து, கடைசியில் காகங்களுக்கு விட்டுப்போன கோட்டைகள். முன்னால் இருந்தால் எல்லாம் நன்றாகத் தெரியும்.

போன் எடுக்க வேண்டாம் என்றீர். எடுக்கவில்லை. இந்தக் கடிதம் லூயிஷாமுக்கு வர மூன்று நாள் ஆகும். சைக்கிளில் என்றால் ஒரு மணித்தியாலம் போதும்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. டூட்டிங்கில் வாங்கியது உம்முடையதுபோல இல்லை.

என்றும் உம்முடைய,
பவித்திரன்


லூயிஷாம்
9 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

“இஞ்சேருங்கோ” என்று கூப்பிட்டே பழகிவிட்டது. பெயர் எழுதக் கை வரவில்லை.

நான் சுகம். ஆஸ்பத்திரி லாபில் காலை ஷிப்ட். வெள்ளிக்கிழமைகளில் அக்காவோடு சிவன் கோவிலுக்குப் போய் ஒரு மூலையில் இருந்துவிட்டு வருகிறேன். அங்கே என்னை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. வீட்டைப் போலவே இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “மூண்டு அங்குலம் பதிச்சா மனிசன் மாறுமே?” என்றார். ஓவியா வந்திருந்தாள். “அப்பா ட்ரை பண்ணுறார் அம்மா, லீவ் ஹிம்” என்றாள். நம் மகள் எப்போதும் உங்கள் பக்கம். தனிவீடு போனபின் இன்னும் கூட.

நீங்கள் யோசித்திருப்பீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். பின் சீட்டில் பிரேக் இல்லை. அங்குள்ள ஹான்டில் திரும்பாது, பிடித்துக்கொண்டிருக்க மட்டும்தான். முன்னால் இருப்பவர் கொண்டுபோகும் இடத்துக்குப் போக வேண்டும். உங்களுக்கு இது ஏலுமா?

செப்டெம்பரைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன். 23ஆம் திகதி ஞாயிறு, ரிச்மண்ட் பார்க்கில் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்போம். சைக்கிளைக் கொண்டுவாருங்கள்.

மிளகாய்த்தூள் முடியவில்லை. அலமாரியில் பின் வரிசையில் இருக்கிறது. நீங்கள் முன் வரிசையைத்தான் பார்த்திருப்பீர்கள்.

அன்புடன்,
மங்கை


ஸ்ட்ரெதம்
24 மார்ச் 2025

அன்புள்ள மங்கைக்கு,

நேற்றைய சுற்றுப் பற்றிய என் அறிக்கை.

முதல் இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் இல்லாத மனிதன் கடவுளை நினைப்பான் என்பார்கள். நான் வீதி ஒழுங்குமுறைகளை நினைத்தேன். “இடது, இடது” என்று நான் சொன்னது சற்று அதிகம்தான். நீர் திரும்பாமலே, “இஞ்சேருங்கோ, மான் நிக்கிறது எனக்கும் தெரியுது” என்றபின் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் ஞாயிறு சைக்கிள் கூட்டத்துக் கொட்வின் பக்கத்தால் போகும்போது, “என்ன அண்ணை, பதவியைப் பறிச்சிட்டாவோ?” என்று கேட்டதை நீர் கேட்டிருப்பீர். நீர் சிரித்தது எனக்கு உமது தோளில் தெரிந்தது. வெகுநாளைக்குப் பிறகு.

நீர் சொன்னது உண்மை. பின்னால் இருந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு முழுச் சுற்றும் உமது முதுகைப் பார்த்தேன். நல்ல முதுகு, ஆனால் கோட்டை அல்ல. மழைக்கோட்டில் இடது தோள் தையல் விட்டிருக்கிறது. எப்போது விட்டதென்று எனக்குத் தெரியவில்லை. தலையின் பின்பக்கம் முழுவதும் நரைத்திருக்கிறது. அதுவும் தெரியாது.

செப்டெம்பருக்கு ரயிலும் காட்டோரத்து விடுதியும் பதிவு செய்தேன். ஓர் அறையா, இரண்டா என்று விடுதிக்காரர் எழுதியிருக்கிறார். பதில் அனுப்பவில்லை. உமது கடிதம் வரட்டும்.

என்றும் உம்முடைய,
பவித்திரன்


லூயிஷாம்
30 மார்ச் 2025

அன்புள்ள உங்களுக்கு,

ஞாயிறு எனக்கும் சந்தோஷம்தான். ரயிலில் திரும்பி வரும்போது, விடுதிக்கு ஓர் அறை என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மற்றது நினைவு வந்தது.

பார்க்கின் பெரிய மேட்டில் நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். குடிக்கும்போது பெடலை உழக்கவில்லை. எனக்கு நீங்கள் சொல்லவில்லை, நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தக் கணமே தெரிந்தது. சைக்கிள் ஒரேயடியாகப் பாரமாகி, முழுவதும் என் காலில் வந்து நின்றது. அது தெரியாமல் இருக்கவே ஏலாது.

போன செப்டெம்பரில் ஃபிளெக்கன்ஸ்டைன் கோட்டைக்குப் போன நாளை நினைத்துப் பாருங்கள். மத்தியானம் பாண் சாப்பிட்ட இடத்திலிருந்து அன்று இரவு விடுதி வரைக்கும் நான் உழக்கவில்லை. நீங்கள் உழக்க என் பெடலும் தானாகச் சுற்றியது. அதில் காலை வைத்திருந்தேன், அவ்வளவுதான். இரண்டு மலை. வீதியில் ஒருவரும் இல்லை. இப்போது நிறுத்துவார், “என்னப்பா?” என்று கேட்பார் என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓவியா போனபின் எனக்கு ஒன்றிலும் மனம் செல்லவில்லை. விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருந்தது. ஒருவர் கேட்டால் சொல்லலாம் என்று அன்று முழுக்க வைத்திருந்தேன்.

இரவு சூப்புக் கோப்பைக்கு முன்னால் இருந்து நீங்கள் சொன்னீர்கள்: “இண்டைக்கு ரெண்டு பேரும் நல்லா உழக்கினம்.”

நான் இருக்கிறேனா இல்லையா என்பதே இந்த மனிதருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அதனால்தான் வெளிக்கிட்டேன். முதுகு என்றது வெறும் சாட்டு. ஞாயிறு வரைக்கும் உங்களுக்குத் தெரியவில்லை என்றே நினைத்திருந்தேன்.

உங்களுக்கு அன்று தெரியுமா? முதலில் ஒரு சொல்லில் பதில் எழுதுங்கள். விளக்கம் பிறகு.

மங்கை


ஸ்ட்ரெதம்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள மங்கைக்கு,

ஓம்.

விளக்கம்: முதல் வளைவு முடியுமுன்பே தெரியும். உமக்கு முழங்கால் நோ, சொல்ல வெட்கப்படுகிறீர் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டால் குறை சொன்னதுபோல ஆகிவிடும். ஆகவே கேட்கவில்லை. கியரைக் குறைத்து இரண்டு பேருக்கும் சேர்த்து உழக்கினேன். இரண்டாவது மலையில் எனக்கு ஓங்காளித்துச் சத்தி வரப்பார்த்தது. அங்கே இறங்கி நின்று கோட்டையின் சரித்திரம் சொன்னேனே, அது மூச்செடுப்பதற்கு. அந்தப் பிரபுக்களைப் பற்றி நான் சொன்னதில் பாதி அந்த இடத்தில் உண்டாக்கியது.

“ரெண்டு பேரும் நல்லா உழக்கினம்” என்றது உமக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று. அன்றிரவு தொடை இரண்டும் துடித்து நித்திரை வரவில்லை. ஆனாலும் மனதுக்கு நிறைவாக இருந்தது. உமக்காக நான் செய்தவற்றில் அதுதான் சிறந்தது என்று வைத்திருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

இப்போது உமக்குத் தெரிந்துவிட்டது. நீர் நினைத்ததுபோல நான் கவனியாத மனிதன் அல்ல. விடுதிக்கு ஓர் அறை என்று எழுதிவிட்டேன்.

என்றும் உம்முடைய,
பவித்திரன்


லூயிஷாம்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள பவித்திரனுக்கு,

உங்கள் கால்கள் அன்று பட்ட பாட்டை நினைத்து அழுதேன். அது உண்மை, முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நீங்கள் “இல்லை” என்று எழுதியிருந்தால் திரும்பி வந்திருப்பேன். தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நீங்கள் தெரிந்துகொண்டு, நான் இல்லாமலே இரண்டு மலை ஏறினீர்கள். என்னையும் ஏற்றிக்கொண்டுதான் ஏறினீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் காலை நிறுத்தியது நீங்கள் சைக்கிளை நிறுத்தி என்னைக் கேட்பதற்காக. நீங்கள் கியரை மாற்றினீர்கள்.

வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்று இப்போது விளங்குகிறது. நான் சாப்பிடாத நாளில் நீங்கள் சத்தமில்லாமல் சட்டி கழுவினீர்கள். நான் பேசாத நாளில் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தீர்கள். எல்லாம் எனக்காக. கோபம் இல்லை. ஆனால் இன்னும் இருபது வருடத்துக்கு அப்படித் தூக்கிக்கொண்டு போகப்பட எனக்கு ஏலாது.

செப்டெம்பருக்கு வரமாட்டேன். அக்காவின் தெருவில் ஒற்றை அறை பிளாட் ஒன்று பார்த்திருக்கிறேன், வைகாசியில் போகலாம். மழைக்கோட்டை அக்கா தைத்துத் தந்தார்.

ஒன்று மட்டும். பதில் எழுதும்போது என்னிடம் ஏதாவது கேளுங்கள். என்னவென்றாலும் சரி. நீங்கள் எழுதிய கடிதங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், என்னைப் பார்த்து ஒரு கேள்வி இல்லை. ஒன்று வந்தால் அந்தப் பிளாட்டுக்குக் கையெழுத்து வைக்குமுன் நான் யோசிப்பேன்.

மங்கை


ஸ்ட்ரெதம்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள மங்கைக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நீர் எழுதியது விளங்கியது.

கேட்பதற்கு ஒன்று இருந்தது. எழுதிப் பார்த்தேன். திரும்ப வாசித்தபோது குறை சொல்வதுபோல இருந்தது. இன்னொரு விதமாக எழுதினேன், அது கெஞ்சுவதுபோல இருந்தது. உமக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

விடுதிக்கு ஒருவர் என்று மாற்றி எழுதினேன். பாதையில் ஒன்றும் மாற்றவில்லை. மிளகாய்த்தூள் பின் வரிசையில்தான் இருந்தது. ஓவியா ஞாயிறு வந்து சமைத்தாள். பிளாட்டுக்குச் சாமான் ஏற்ற வான் வேண்டுமென்றால் ஒழுங்கு செய்து தருகிறேன்.

இரட்டைச் சைக்கிளைக் கொட்வினுக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று மனைவியோடு வந்து எடுத்துப் போனார். வாசலிலேயே வைத்து முன் சீட்டை மூன்று அங்குலம் உயர்த்தினார்.

பவித்திரன்