புடவை இறங்காத நாளில் எடுத்த பஞ்சு

ஆரணி,
திங்கட்கிழமை

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அம்மா உண்ணாமலை எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு நீ நலமாக இருக்க வேண்டும். போன் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் புடவை எடுத்துக்கொண்டு புனே வரும் சந்திரமோகன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவின் பாதப் புண் கணுக்காலுக்கு ஏறிவிட்டது. எந்த ஊசிக்கும் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ, “பாப்பா மருந்து பண்ணிகினு இருக்குது. அது சொல்றவரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்” என்கிறார்.

போன வாரம் நீ விளக்கியது எனக்குப் புரிந்தது. புண்ணின் கிருமியைக் கொல்ல உன் ஆய்வுக்கூடத்தில் நீ வளர்க்கும் வைரஸ் கிருமிக்குள் நுழைகிறது, ஆனால் அந்த வைரஸின் ஓடு உருவாகக் கிருமியின் புரதம் ஒன்று கைகொடுக்க வேண்டும், இந்தக் கிருமியில் அது மாறியிருப்பதால் பாகங்கள் சேராமல் கிடக்கின்றன என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை எறியாவிட்டால் அப்பாவின் புடவையில் கரை சேராதே, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாத உழைப்பும் வீண் என்று நீ அழுதாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேவி, தப்பு என்னுடையது. மூன்று மாதம் முன்பு நீ கொடுத்த குச்சிப் பஞ்சால் புண்ணைத் தொட்டு எடுக்கச் சொன்னாய். அன்று தறியில் முகூர்த்தப் புடவை ஒரு முழம் பாக்கி. புடவை தறியை விட்டு இறங்கும்வரை சீழ் பிடித்த கட்டை அவிழ்த்தால் தீட்டு என்று அப்பா மறுத்துவிட்டார். கூரியர் மூடும் நேரம். தோட்டத்துச் சாக்கடை ஓரம் இரண்டு நாளாகக் கிடந்த பழைய கட்டுத் துணியில் பஞ்சைத் தேய்த்து அனுப்பிவிட்டேன். அதே புண்ணின் துணிதானே என்று நினைத்தேன். நீ இத்தனை நாள் பார்த்தது சாக்கடைக் கிருமியோ என்னவோ. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று காலை நானே கட்டை அவிழ்த்துப் புதுப் பஞ்சில் எடுத்தேன். ஐஸ் டப்பாவில் அண்ணனிடம் இருக்கிறது. வெள்ளிக்குள் ஏதாவது முடியுமா என்று பார். முடியாதென்றால் எனக்காகத் தயங்காதே. உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல். தறி மிதிக்க அம்மாவுக்கு இரண்டு கால் இருக்கிறது என்று சொல். நான் சொன்னால் கேட்கமாட்டார்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் முதலில் அவருக்குப் போன் போடு, கண்ணு.

உன் அம்மா
உண்ணாமலை