ஒரு பெஞ்சு நாடகம்

ஓசூர், ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

அறிவரசன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

கம்பெனி நண்பர்கள் சேர்ந்து சமுதாயக் கூடத்தில் சின்ன நாடகம் போட்டோம். மேடையில் ஒரே பெஞ்சு, அதுதான் டீக்கடை. பண்ணைக்காரர் வந்தாலும் கூலியாளான நான் எழக் கூடாது. அதுதான் கதையே. என்னோடு ஒரே தட்டில் சாப்பிடும் சின்னதுரை, மீசை ஒட்டிக்கொண்டு வந்து, "என்னடா, உக்காந்திருக்க?" என்றான். சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். கதை தெரியாமல் பார்த்தவர்கள் நல்ல நடிப்பு என்று கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது.

பெரம்பலூர் டீக்கடையில் அன்று பண்ணைக்காரரைக் கண்டதும் நீங்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தபோது, "வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது அப்பா.

அந்தத் துண்டைக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த ஞாயிறும் நாடகம் இருக்கிறது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழாமல் உட்கார்ந்திருக்கப் பார்க்கிறேன்.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்
அறிவரசன்